நடு வீட்டில் மோட்டார் சைக்கிள்! பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பேரிகை:

தீபாவளியோ பொங்கலோ வந்துவிட்டால் பேரிகையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. பை, மூட்டை, குழந்தை எல்லாம் வாசலில் தயார். வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. என்ன செய்கிறார்?

மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்!

முன்னால் அவர் ஹேண்டிலைப் பிடித்து இழுக்கிறார். பின்னால் சம்சாரமும் மச்சானும் தள்ளுகிறார்கள். வாசற்படியில் சாய்த்து வைத்த பலகை வளைகிறது. ஒரு வழியாக வண்டி உள்ளே போய் டி.வி.க்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கிறது. மேலே ஒரு பழைய சேலை. கதவைச் சாத்து, பூட்டைப் போடு, பஸ்சைப் பிடி!

இனி திருடன் வந்தாலும் வண்டி பத்திரம் என்று நிம்மதியாக ஊர் போய்ச் சேருகிறார்கள்.

திருடனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தது வண்டியை மட்டும் அல்ல. பத்து லிட்டர் வரை பெட்ரோலையும் சேர்த்து!

வண்டி பிறக்கும் சீமை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் ஊராக ஓடிய டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் புறப்பட்டது ஓசூரிலிருந்துதான். இன்று ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை போச்சம்பள்ளி பக்கம். நாடு முழுவதும் ஓடுகிற வண்டிகளில் ஒரு பெரிய பங்கு இந்த மாவட்டத்துக் கைகள் முடுக்கிய வண்டி.

ஆனால் அந்தக் கைகள் குடியிருக்கிற வீட்டில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. லைன் வீடு. ஒரு ஹால், ஒரு சமையல் மூலை. வாசலைத் தாண்டினால் ரோடு.

வண்டி இல்லாமலும் முடியாது. பேரிகையிலிருந்து ஓசூர் சிப்காட் இருபது கிலோ மீட்டருக்கு மேல். காலை ஷிப்டுக்குப் போகிறவன் விடியுமுன் புறப்பட வேண்டும். பஸ்சை நம்பினால் சம்பளம் வெட்டு. பூந்தோட்டத்துக்குப் போகிறவர், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர், கடைக்குச் சரக்கு எடுக்கிறவர் எல்லோர் கதையும் இதுதான். வண்டி போனால் வேலை போச்சு. அதுவும் தவணை கட்டி முடியாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி காணாமல் போனாலும் தவணை காணாமல் போகாது!

எல்லை கிட்டே, திருடன் ஜாலி

பேரிகையின் தலைவலி அது இருக்கிற இடம். ஒரு பக்கம் பாகலூர் வழியாக ஓசூர். இன்னொரு பக்கம் மாலூர், மாஸ்தி என்று கர்நாடகம். சில கிலோ மீட்டர் போனால் மாநிலம் மாறிவிடும். கடைவீதியில் ஐந்து நிமிடம் நின்றால் டி.என். 70 ஓசூர் வண்டியும் கே.ஏ. 07 கோலார் வண்டியும் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊரில் எந்த நம்பர் பிளேட்டையும் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

திருடனுக்கு இதைவிட வேறு என்ன வசதி வேண்டும்? விடிகாலையில் தூக்கினால் டீக்கடை திறப்பதற்குள் அடுத்த மாநிலம்.

ஹேண்டில் லாக் போட்டேன் என்பார்கள். இந்த வேலையில் கை தேர்ந்த ஆசாமிக்கு ஹேண்டில் லாக் ஒரு பொருட்டே அல்ல. போலீசில் பிடிபட்ட பலரும் அதை நொடியில் உடைத்தவர்கள்தான். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்துவிட்டது. கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டு, லேசரில் பொறித்த எண் எல்லாம் உண்டு. அது வண்டியைக் கண்டுபிடிக்க உதவும். தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது.

ஆகவே ஊருக்குப் போகிறவர் வண்டியை உள்ளே ஏற்றுவதில் தப்பே இல்லை. சட்டமும் அவர் பக்கம். ரோட்டில் நிற்கிற வண்டியைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. அதே வண்டி வீட்டுக்குள் இருந்து திருடப்பட்டால் 305-வது பிரிவு. 7 ஆண்டு வரை. ராத்திரியில் பூட்டை உடைத்துத் திருடப் புகுந்தால் 331-வது பிரிவில் 14 ஆண்டு வரை போகலாம். 2024 ஜூலை 1-க்கு முன்னால் இதே குற்றங்களுக்கு 379, 380, 457 என்று பழைய நம்பர்கள். போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் பாதிப்பேர் வாயில் பழைய நம்பர்தான் வருகிறது.

வீட்டுக்குள் பெட்ரோல் வண்டி வைக்க லைசென்சு வேண்டுமா என்று சிலருக்குச் சந்தேகம். வேண்டாம். 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் வண்டி டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு லைசென்சு கேட்பதில்லை.

சட்டம் விட்டுவிடும். பெட்ரோல் விடாது!

தரையோடு ஊர்ந்து வரும் எமன்

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி, பனிக்கட்டி உறையும் குளிரிலும் எழும்பிக்கொண்டே இருக்கும். ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மார்கழியில் பல் கிட்டும் குளிர் என்பதெல்லாம் இங்கே உதவாது.

இன்னொரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய் ஜன்னல் வழியாகக் கலைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தரையோடு பரவும். கட்டிலுக்கு அடியில், அடுப்பு மேடைக்குக் கீழே, சிலிண்டர் நிற்கும் மூலையில் போய்த் தேங்கும்.

பூட்டிய வீட்டில் தீப்பொறி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். பிரிட்ஜ் இருக்கிறதே! ஆள் இல்லாவிட்டாலும் அது தானாக ஓடும், தானாக நிற்கும். பழைய பிரிட்ஜில் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சிறு பொறி கிளம்பலாம். கிளம்பும் அவசரத்தில் சாமி படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த விளக்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, இருட்டில் கதவைத் திறந்ததும் கை தானாகப் போய்த் தட்டுகிற லைட் ஸ்விட்சு!

சரி, டேங்கு மூடி இருக்க, பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதுதான் முக்கியமான கோளாறு. கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு ஊசி. பெட்ரோல் போதிய அளவு நிரம்பியதும் ஊசி போய் வழியை அடைக்க வேண்டும். தேய்ந்த ஊசியோ, தூசி பட்ட ஊசியோ சரியாக அடைக்காது. பெட்ரோல் வழிந்து கீழே உள்ள குழாய் வழியாகச் சொட்டும். தெருவில் நின்றால் சொட்டினது காற்றோடு போய்விடும். வீட்டுக்குள் நின்றால்? பெட்ரோல் காக் திறந்தே இருந்தால் ராத்திரி பூராவும் சொட்டு, சொட்டு!

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பம்ப்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. சாவியை அணைத்தால் பம்ப் நின்றுவிடும். அந்த வகையில் புது வண்டி கொஞ்சம் மேல்.

ஆனால் பேரிகை ரோட்டில் ஓடுகிற வண்டியெல்லாம் புது வண்டியா? பால் கேன் கட்டிய பழைய எக்ஸ்.எல்.களும், தாத்தா காலத்து ஸ்பிளெண்டர்களும் எத்தனை! இப்போது பங்குகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட்டு ஊருக்குப் போங்கள். ஒரு அடி ரப்பர் குழாய் பஸ் டிக்கெட்டைவிட மலிவு.

ஏற்றுவதற்கு முன்னால்

பெட்ரோலைக் குறைக்க வேண்டும். ஊருக்குப் போக நாலு நாள் இருக்கும்போதே பங்குக்குப் போவதை நிறுத்தினால் டேங்கு தானாக வற்றும். ஸ்பிளெண்டர் டேங்கு சுமார் 10 லிட்டர், புல்லட் கிளாசிக் 13 லிட்டர், எக்ஸ்.எல். 4 லிட்டர். திரும்பி வந்து பங்குக்குப் போய்ச் சேருமளவு இருந்தால் போதும். மிச்சத்தை உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டேங்கு நிறைய இருந்தால்தான் உள்ளே துரு பிடிக்காது என்று மெக்கானிக்குகள் சொல்வது உண்மைதான். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு அது சரி. அடுப்பு இருக்கிற வீட்டுக்குள் பத்து நாள் நிற்கிற வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. பத்து நாளில் எந்த டேங்கும் ஓட்டையாகிவிடாது.

கார்புரேட்டர் வண்டி என்றால் வாசலிலேயே காக்கை மூடி, இன்ஜினை ஓட விடுங்கள். சிறிது நேரத்தில் தானாக இருமி நின்றுவிடும். கார்புரேட்டரில் கிடந்த பெட்ரோலும் தீர்ந்தது. சொட்டவும் வழி இல்லை, பிசுபிசுப்பு கட்டி ஜெட் அடைக்கவும் வழி இல்லை. ஒரே வேலையில் இரண்டு லாபம்.

ஓடி நின்ற வண்டியைச் சூட்டோடு உள்ளே தள்ளி, சேலையைப் போர்த்தாதீர்கள். சைலன்சர் ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது விட வேண்டும். ராத்திரி பஸ்சுக்குச் சாயங்காலமே இந்த வேலையை முடித்தால் அவசரமும் இல்லை, மச்சானோடு சண்டையும் இல்லை. பிளாஸ்டிக் தாளால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நின்று துருவாகும். பழைய பருத்திச் சேலையே மேல்.

பலகை விஷயத்திலும் அலட்சியம் கூடாது. ஸ்பிளெண்டர் 110 கிலோவுக்கு மேல். புல்லட் கிளாசிக் 195 கிலோ. பாதிப் படியில் சறுக்கினால் கால் போய்விடும். இன்ஜினை ஓட்டியபடி கியரில் ஏற்றுகிற வீராதி வீரர்கள் சிலர் உண்டு. ஒரு முறுக்கு கூடினால் வண்டி நேராக டி.வி.யில்தான் போய் நிற்கும்!

உள்ளே ஏற்றியதும் நடு ஸ்டாண்டு. சமையல் மூலைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. சிலிண்டர் ரெகுலேட்டரை அணையுங்கள். மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். பிரிட்ஜில் தயிர் புளிக்குமே என்கிறார்கள். தயிரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். அலாரம், கடிகாரம் எல்லாம் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, திரும்பி வரும்போது "டிக்" என்றுகூட சத்தம் வராத பேட்டரிதான் மிஞ்சும். ஒயரைக் கடிக்கிற எலிக்கும் பயப்பட வேண்டும். பருப்பு மூட்டையையும் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலிக்குச் சாப்பாடும் வீடும் ஒரே இடத்தில்.

பாட்டி படுக்கும் இடம்

இதுவரை சொன்னது பூட்டிய வீட்டுக் கதை. எல்லோரும் ஊருக்குப் போவதில்லையே! பாட்டி மட்டும் வீட்டில். வண்டியும் பாட்டியோடு. அதுவும் கதவை ஒட்டி, "யாராவது கதவைத் திறந்தா வண்டியில இடிக்கும், பாட்டிக்கு சத்தம் கேக்கும்" என்று ஒரு யோசனை.

திருடன் வந்தால் சரி. தீ வந்தால் பாட்டி எந்த வழியாக வெளியே போவாள்? லைன் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அந்த வாசலில் வண்டி.

மின்சார ஸ்கூட்டர் என்றால் இதை இன்னும் பெரிதாக நினைக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தந்தையும் பள்ளிக்கூடம் போகிற மகளும் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜின் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீ. மேலே தங்கியிருந்தவர்களில் 8 பேர் செத்தார்கள். அங்கேயும் ஆளைக் கொன்றது பெரும்பாலும் புகைதான்.

அதற்குப் பிறகு மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. புதிதாக வருகிற வண்டிகள் அந்தச் சோதனையைத் தாண்டி வர வேண்டும். அதற்கு முன் வாங்கிய வண்டி வைத்திருப்பவர் தன் வண்டி எந்தக் காலத்தது என்று ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஊருக்குப் போகும்போது மின்சார வண்டியை முழு சார்ஜிலும் விடக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. பாதி அளவு இருந்தால் பேட்டரிக்கு நல்லது. சார்ஜர் பிளக்கில் தொங்கவே கூடாது. "வரும்போது புல்லா இருக்கட்டும்" என்று சொருகிவிட்டுப் போகிறவர் பத்து நாள் ஆளில்லாத வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, வெயில் படாத இடத்தில், துணிமணிக்கு எட்டத்தில் வைக்கலாம்.

இன்னும் ஒன்று. வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லித் தம்பியிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல தம்பி. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பத்து நிமிடம் ஓட விட்டால், புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். வண்டியை வெளியே இறக்கித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முடியாவிட்டால் வேண்டாம். பத்து, பதினைந்து நாள் ஸ்டார்ட் செய்யாத வண்டி ஒன்றும் கெட்டுவிடாது.

இரண்டு மூன்று மாதம் வெளியூர் வேலை என்றால் வண்டியை வீட்டுக்குள் வைப்பதே வீண் என்பது என் கட்சி. நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் விட்டு, அவர் ஓட்டிக்கொண்டிருப்பது வண்டிக்கும் நல்லது. அவரிடம் லைசென்சு இருக்கிறதா, வண்டிக்கு இன்சூரன்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்சு இருக்கு... ஆனா இல்லே!

வண்டி போன பிறகுதான் பலர் இன்சூரன்சு காகிதத்தைப் படிக்கிறார்கள்.

2018 செப்டம்பர் 1 முதல் புது டூ வீலருக்கு 5 ஆண்டு இன்சூரன்சு கட்டாயம். "அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று ஷோரூம் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த 5 ஆண்டு, நம் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. நம் வண்டி திருடு போனாலோ, எரிந்து போனாலோ பணம் தருகிற பாலிசி தனி. பெரும்பாலும் முதல் ஓர் ஆண்டுக்குத்தான் சேர்த்துத் தருகிறார்கள். பிறகு வருடா வருடம் நாம்தான் புதுப்பிக்க வேண்டும். போலீசார் மடக்கும்போது காட்டுகிற காகிதம் உயிரோடு இருக்கும். திருட்டுக்குப் பணம் தருகிற காகிதம் செத்து நாலு வருடம் ஆகியிருக்கும்!

பாலிசி இருந்தாலும் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு அசல் சாவி. ஒரு சாவி ஊரிலே, ஒரு சாவி எங்கேயோ என்றால் சிக்கல். ஊருக்குப் போகும்போது இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். வண்டியின் சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர், பூட்டை உடைத்து வரும் ஆசாமிக்கு மீதி வேலையையும் மிச்சப்படுத்துகிறார்.

வண்டி போனது தெரிந்த உடனே போலீசில் புகார். இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது. ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில், அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தவர் இன்சூரன்சு கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் சொன்னார். அதைக் காட்டிக் கம்பெனி பணம் தர மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் அது செல்லாது, பணம் கொடு என்றது. போலீசுக்கு உடனே போனதுதான் அவரைக் காப்பாற்றியது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மாலூரில் போன வண்டிக்குப் பேரிகையில் புகார் வாங்க வேண்டும். "அது எங்க எல்லை இல்லே" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு முறையிலும் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீசார் பண்டிகைக்குப் பண்டிகை கேட்டுக்கொள்கிறார்கள். ரோந்து போகிறவர் அந்தத் தெருவில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பார். பேரிகையில் போலீஸ் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பஸ் ஏறப் போகிற வழியில் எட்டிப் பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு நேரம்? ஆனால் நம்மவர்களில் பலர் அங்கே சொல்லாமல், பூட்டிய வீட்டுப் படத்தோடு "ஊருக்குப் போறோம்" என்று செல்போனில் ஊருக்கே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது

கதவைத் திறந்ததும் லைட்டைத் தட்டாதீர்கள். முதலில் மூக்கால் பாருங்கள். பெட்ரோல் வாடையோ, கேஸ் வாடையோ அடித்தால் ஸ்விட்சு, தீப்பெட்டி எதையும் தொடக் கூடாது. கதவையும், எட்டுகிற ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது. பீடி பற்ற வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்க வருகிற பக்கத்து வீட்டுப் பெரியவரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை என்றால் 1906. தீ என்றால் 101 அல்லது 112. இரண்டையும் கதவுக்கு வெளிப்பக்கம், பூட்டுக்கு மேலே எழுதி ஒட்டலாம். உள்ளே எழுதி வைத்தால் அதைப் படிக்க லைட்டைப் போட வேண்டியிருக்கும்.